நான்கு ஸ்னோமொபீலுக்கு ஒரு ட்ரெய்லர்

டிசெம்பர் 3, ஞாயிறு

முடிவாகிவிட்டது. திறந்த ட்ரெய்லர் வேண்டாம், மூடிய ட்ரெய்லர்தான். ஞானசீலனின் பேஸ்மென்டில் ஆட்டிறைச்சிப் பொரியலோடு நடந்த கூட்டத்தில் மூவரும் கையை உயர்த்தினோம்.

விஷயம் இதுதான். கோடையில் ஞானசீலன் வடக்கே ஒரு விடுதிக்குத் தரை போடப் போனான். விடுதியை மூடிக்கொண்டிருந்த முதலாளி நான்கு ஸ்னோமொபீல்களை விற்கப் பார்த்திருக்கிறார். நான்கையும் சேர்த்து எடுத்தால்தான் கொடுப்பேன் என்றாராம். ஞானசீலன் அங்கிருந்தே எனக்கும் ரட்ணேஸ்வரனுக்கும் போன் அடித்தான். ஜூலை வெயிலில் கேட்கும்போது பனிமேல் பறப்பது நல்ல யோசனையாகத்தான் இருந்தது. இப்போது நான்கும் அவன் கராஜில் தார்ப்பாயின் கீழ் நிற்கின்றன. ஆள் மூன்று, வண்டி நான்கு.

எங்கள் நகரில் இம்முறை பனியே இல்லை. வடக்கே பெரிய ஏரிக்குக் கொண்டுபோய்த்தான் ஓட்ட வேண்டும். கொண்டுபோக ட்ரெய்லர் வேண்டும். அதைத் தெரிவு செய்யும் பொறுப்பு என்னிடம். நான் கார் உதிரிப்பாகத் தொழிற்சாலையில் தரம் பார்ப்பவன். கோணல் மாணலான ஒரு பொருளும் என் மேசையைத் தாண்டிப் போனதில்லை.

வீட்டுக்கு வந்து மனைவி தவமலரிடம் சொன்னேன்.

"அப்ப எப்ப போறீங்கள்?" என்று கேட்டாள்.

"ட்ரெய்லர் வந்த உடனே."

"ட்ரெய்லர் எப்ப வரும்?"

"உதுகளில அவசரப்படக் கூடாது."

டிசெம்பர் 5, செவ்வாய்

ஒரு ஆளைத் தாங்க ஐஸ் எவ்வளவு தடிப்பாக இருக்க வேண்டும் என்று தேடினேன். ஒவ்வொருவர் ஒவ்வொன்று சொல்கிறார்கள். பிறகு ட்ரெய்லர் அகலங்களைப் பற்றி நெடுநேரம் வாசித்தேன். மனம் அமைதியாயிற்று.

டிசெம்பர் 9, சனி

நெடுஞ்சாலையோரம் ட்ரெய்லர் விற்கும் புரூஸிடம் போனேன். பொறுமையான மனிதர். அவர் காட்டியவற்றில் மிகப் பெரியது முன்பக்கம் மூக்குப்போல் கூர்ந்திருந்தது. மூக்கிலும் ஒரு கதவு, பின்னாலும் ஒரு கதவு. இரண்டும் கீழே சாய்ந்து சறுக்குப் பலகை ஆகிவிடும். பின்னால் ஏற்றி முன்னால் இறக்கலாம். பழைய ஸ்னோமொபீல்கள் ரிவேர்ஸ் போகாது, ஆகவே இதுதான் வசதி என்றார்.

உள்ளே போய்க் கதவைச் சாத்தச் சொன்னேன். சாத்தினார். இதமாக இருந்தது. நான்கு பக்கமும் சுவர். கீழே பலகை. பலகைக்குக் கீழே தார்த்தரை. தரைக்குக் கீழே மண். கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன். வெளியே புரூஸ் கதவைத் தட்டி எல்லாம் சரிதானா என்று கேட்டார்.

எந்த ஏரிக்குப் போகிறீர்கள் என்று விசாரித்தார். சுவரில் அடித்த திருகாணிகள் துருப்பிடிக்குமா என்று நான் கேட்டேன்.

வாங்கவில்லை. உட்கூரை சற்றுத் தாழ்வு. தலைக்கவசத்தோடு நிமிர்ந்தால் இடிக்கும்.

டிசெம்பர் 10, ஞாயிறு

ட்ரெய்லரின் உள்ளளவை எங்கள் டிரைவ்வேயில் சோக்கால் கீறினேன். நான்கு ஸ்னோமொபீலுக்குப் பதிலாக நான்கு சாப்பாட்டுக் கதிரைகள். ஞானசீலனும் ரட்ணேஸ்வரனும் வந்தார்கள். ஆளுக்கொரு கதிரையைத் தூக்கிப் பின்வாசலால் உள்ளே வந்து, வைத்து, அமர்ந்து, பெல்ட் கட்டுவதுபோல் செய்து, இறங்கி முன்வாசலால் வெளியே போனோம். சோக்குக் கோட்டை மிதித்தால் சுவரில் இடித்ததாகக் கணக்கு. ரட்ணேஸ்வரன் மூன்று முறை இடித்தான்.

பக்கத்து வீட்டு போர்த்துக்கீசியர் வேலியருகே வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு, யாராவது தவறிவிட்டார்களா என்று மெல்லக் கேட்டார். இல்லை, இது ட்ரெய்லர் என்றேன். தலையாட்டிவிட்டு உள்ளே போய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

தவமலர் வேலையால் வந்து காரை விட இடமில்லாமல் வீதியில் நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"முன்னுக்கிருக்கிற ஸ்கீப் பலகை அகலமெல்லோ," என்றாள். "ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில சமனா விட்டால் முட்டும். ஒண்டை முன்னுக்கும் மற்றதை ஒரு முழம் பின்னுக்கும் விடுங்கோ."

கதிரைகளை அப்படி வைத்துப் பார்த்தோம். சரியாக இருந்தது. தொலைக்காட்சியில் பார்த்திருப்பாள்.

டிசெம்பர் 16, சனி

எங்கள் குழுவுக்குப் பெயர் வைக்கும் கூட்டம். பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த மிருகம் எதுவும் வேண்டாம் என்று ரட்ணேஸ்வரன் எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டான். அவன் காப்புறுதி முகவர், எல்லாப் பக்கத்திலும் அவனுக்கு வாடிக்கையாளர்கள். கரடி என்றான் ஞானசீலன். கரடி பனிக்காலத்தில் படுத்துத் தூங்கும் என்றேன். பெயர் ஒத்திவைக்கப்பட்டது.

"உனக்கென்ன மச்சான்," என்றான் ஞானசீலன் என்னிடம். "நீ கடற்கரை ஊர்க்காரன். ஐஸ் உடைஞ்சாலும் நீந்தி வந்திடுவாய்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கடற்கரையில் பிறந்தவன் எல்லாம் நீந்துவான் என்று சனம் நினைக்கிறது.

டிசெம்பர் 26, செவ்வாய்

தவமலருக்கு வலது கைப் பெருவிரல் நோகிறது. தைலம் பூசிவிட்டேன். அவள் முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை செய்கிறாள். ஆட்களைத் தூக்கித் தூக்கி வந்த நோவாக இருக்கும். முறைப்படி மேலிடத்தில் சொல்லச் சொன்னேன். சிரித்தாள்.

அதோடு லீவு நாளெல்லாம், அவளோடு வேலை செய்யும் டெனீஸின் வீட்டுக்குப் போய்விடுகிறாள். டெனீஸ் வடக்கே ஒரு பண்ணையில் இருக்கிறாள். அந்தப் பக்கம் பனி கொட்டுகிறதாம். சாமான் அடுக்க உதவி என்கிறாள். சாமான் அடுக்கப் போனவள் மூக்கு நுனி சிவந்து, தலைமயிர் குருவிக்கூடாகி, ஏதோ பரிசு வாங்கியவள்போல் திரும்பி வருகிறாள். நிறையச் சாமான் போலிருக்கிறது.

ஜனவரி 6, சனி

வேறொரு கடையில் வேறொரு ட்ரெய்லர். உயரம் சரி. அகலம் சரி. கதவு சரி. பெரும் சங்கடமாகப் போயிற்று. நல்ல வேளையாக நிறம் வெள்ளை.

"வெள்ளையை எடுத்தால் பனிக்குள்ள விட்டிட்டு எங்க தேடுறது?" என்றேன். ஞானசீலன் உடனே ஒத்துக்கொண்டான். கறுப்பு ஒன்று இருந்தது. கறுப்பென்றால் வீதியில் மற்றவர்களுக்குத் தெரியாது, இடித்துவிடுவார்கள், காப்புறுதிக்குச் சரிவராது என்றான் ரட்ணேஸ்வரன். சிவப்புக்குச் சொல்லிச் செய்விக்கலாம், சித்திரையில் வரும் என்றார் கடைக்காரர். சித்திரையில் ஏரி உருகிவிடும். அதனால் என்ன, தரமான பொருளுக்குக் காத்திருக்கத்தானே வேண்டும் என்று மூவரும் ஒரே குரலில் சொன்னோம்.

ஞானசீலனுக்கு முதுகு பிடித்திருக்கிறதாம். குனிய முடியாது என்கிறான். வாசலில் விழுந்த கார்ச்சாவியைக் குனிந்து எடுத்துக்கொண்டுதான் சொன்னான்.

ஜனவரி 13, சனி

ரட்ணேஸ்வரன் ஒரு புதுப் பிரச்சினை கொண்டுவந்தான். ட்ரெய்லருக்கு வாஸ்து. வாசல் எந்தத் திசை பார்க்க வேண்டும்? எனக்கும் அது நியாயமாகப் பட்டது. ஸ்காபரோவில் சாதகம் பார்க்கும் சாத்திரியாருக்குப் போன் அடித்து ஸ்பீக்கரில் போட்டான்.

"முன்னுக்கொரு வாசல், பின்னுக்கொரு வாசல், ஐயா."

"வீடு எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நிக்கிது?"

"நிக்காது ஐயா. ஓடும்."

சாத்திரியார் பஞ்சாங்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்: "திரும்பினால்?"

"வாசலும் திரும்பும்."

"தம்பி, அதை எங்கையும் திரும்பாமல் வைச்சிருக்கேலுமோ?"

அதைவிட நல்ல ஆலோசனையை யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை. மூவரும் திருப்தியோடு கலைந்தோம்.

ஜனவரி 15, திங்கள்

தைப்பொங்கல். ஞானசீலனின் கராஜ் வாசலில் பொங்கினோம். நான்கு ஸ்னோமொபீலுக்கும் திருநீறு, சந்தனம், குங்குமம். வாகனம் என்றால் எலுமிச்சம்பழம் வைத்து நசிக்க வேண்டும். சில்லு இல்லாததால் ஸ்கீயின் கீழ் வைத்துத் தள்ளினோம். பழம் நசியவில்லை. வழுக்கிக்கொண்டுபோய்ப் பொங்கல் பானையில் முட்டி நின்றது.

யாராவது ஒன்றை ஸ்டார்ட் பண்ணுங்கள் என்றார்கள் வந்திருந்தவர்கள். ஞானசீலன் முதுகைப் பிடித்தான். ரட்ணேஸ்வரன் கராஜுக்குள் புகை கூடாது என்றான். நான் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தவமலர் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு போனாள். ஏதோ குமிழை அமுக்கினாள், கயிற்றைப் பிடித்து ஒரே இழுவை. கராஜ் அதிர்ந்தது.

"எங்க பழகினீர்?" என்று கேட்டேன்.

"புல்லு வெட்டுற மெசினும் இப்பிடித்தானேயப்பா."

உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டுப் புல்லு வெட்டும் மெசின் மின்சாரத்தில் ஓடுவது.

ஜனவரி 21, ஞாயிறு

இரும்புச் சட்டமா, அலுமினியச் சட்டமா என்பதைத் தவமலருக்கு விளக்கினேன். வீதியில் போடும் உப்பு இரும்பை எப்படித் தின்னும் என்று சொல்லிக்கொண்டிருந்தபோது இடைமறித்தாள்.

"இஞ்சேருங்கோ, உண்மையா இந்த வருசம் போறீங்களோ?"

"நல்ல ட்ரெய்லர் கிடைச்சால்..."

அவள் எழுந்துபோய் அரிசி களைந்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம் களைந்தாள்.

ஜனவரி 27, சனி

ட்ரெய்லர் வந்துவிட்டது.

காலையில் பல் விளக்கிக்கொண்டு ஜன்னலால் பார்த்தேன். டிரைவ்வேயில் நிற்கிறது. கூர்மூக்கு. முன்னும் பின்னும் சறுக்குக் கதவு. அலுமினியச் சட்டம், இரட்டை அச்சு. புரூஸ் தானே இழுத்துக்கொண்டு வந்திருந்தார். தவமலர் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"ஆர் இதைத் தெரிவு செய்தது?"

"நான்தான். நேற்று வேலையால வரேக்க போனனான்."

"போய்?"

"நாலு ஸ்னோமொபீல் ஏத்த வேணும், எங்களட்டை ஒரு பிக்கப்தான் இருக்கு, நீங்களெண்டால் எதை எடுப்பீங்கள் எண்டு கேட்டன். காட்டினார். கதவை ரெண்டு தரம் திறந்து பூட்டிப் பார்த்தன். எடுத்திட்டன்."

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டால் கோடை வந்திடும்."

நிறம் சாம்பல். அதற்கு எதிராக எனக்கு இதுவரை ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

பெப்ரவரி 3, சனி

ஏற்றிப் பார்த்தோம். நான்கும் அடங்கின. கதவு பூட்டியது. விளக்கு எரிந்தது. தரையில் ஸ்கீ வழுக்க நீளப் பட்டிகள்கூட இருக்கின்றன. டோர்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தேன், தலைக்கவசத்தோடும் நிமிர்ந்து பார்த்தேன். குறை இல்லை. ஞானசீலனும் ரட்ணேஸ்வரனும் என் முகத்தையே பார்த்தார்கள். நான் தலையை ஆட்டியதும் இருவரும் செத்த வீட்டில் நிற்பவர்கள்போல் கைகளைக் கட்டிக்கொண்டார்கள்.

பெப்ரவரி 10, சனி

போகிறோம்.

பெப்ரவரி 11, ஞாயிறு

வடக்கே, ஏரிக்கரை மோட்டலில் இருந்து எழுதுகிறேன். நேற்று நடந்தது முழுவதையும் எழுத வேண்டும்.

ஞானசீலன் தன் பிக்கப்பை ஓட்டினான். தவமலரும் வந்தாள். நான்காவது வண்டி சும்மாதானே நிற்கிறது என்றாள். வீதி முழுவதும் ட்ரெய்லர் அசையாமல் பின்னால் வந்தது. ஏரிக்கரையில் நிறுத்தினோம். அது ஏரி என்று யாராவது சொன்னால்தான் தெரியும். கண்ணுக்கெட்டிய தூரம் வெள்ளை மைதானம். தூரத்தில் ஒரு சிறு தீவு.

தவமலர் நான்கையும் தானே இறக்கினாள். நாங்கள் மூவரும் கைகாட்டி வழி சொன்னோம். பிறகு அவள் தலைக்கவசத்தைப் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்தாள்.

"எனக்கு முதுகு," என்றான் ஞானசீலன்.

"ட்ரெய்லரைத் தனிய விடேலாது. ஆரும் ஒராள் நிக்க வேணும்," என்றான் ரட்ணேஸ்வரன்.

"கதவுப் பிணைச்சல் குளிருக்கு இறுகுதோ எண்டு பார்க்க வேணும்," என்றேன் நான்.

தவமலர் எங்கள் மூவரின் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "அப்ப நான் அந்தத் தீவைச் சுத்திப்போட்டு வாறன்," என்றாள். இருக்கையில் ஏறினாள். பெருவிரலால் விசையை அமுக்கினாள். அவ்வளவுதான், ஒரு வெள்ளைப் புழுதி, ஒரு இரைச்சல், ஒரு புள்ளி. டெனீஸ் வீட்டில் அடுக்கிய சாமான் என்ன சாமான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நாங்கள் ட்ரெய்லருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பிளாஸ்கிலிருந்த தேத்தண்ணியைக் குடித்தோம். சில்லென்ற பலகையில் மூவரும் ஒரு வரிசையில். தேத்தண்ணி முடிந்தது. கதவைத் திறந்து பார்த்தால் காற்றோடு பனி கொட்டிக்கொண்டிருந்தது. தீவைக் காணவில்லை. தவமலரையும் காணவில்லை. போனுக்குச் சிக்னல் இல்லை.

"வந்திடுவா," என்றான் ரட்ணேஸ்வரன்.

வரவில்லை.

"மச்சான்," என்றான் ஞானசீலன் தலையைக் குனிந்துகொண்டு. "என்ரை முதுகில ஒண்டுமில்லையடா. எனக்கு இந்த ஐஸைக் கண்டால் சரியான பயம். நீங்கள் ரெண்டு பேரும் ஆசையா நிக்கிறீங்களே எண்டுதான்..."

"நாங்கள் ஆசையா நிண்டதோ?" ரட்ணேஸ்வரன் எழுந்துவிட்டான். "ட்ரெய்லர் ஒண்டும் சரிவரக் கூடாதெண்டு நான் பிள்ளையாருக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்து வைச்சிருக்கிறன்!"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நான் ட்ரெய்லர் தெரிவு செய்யிற ஆள் மட்டும்தான்," என்றேன். சொல்லி முடிக்கும்போது நான் வெளியே நின்றேன். எப்படி இறங்கினேன் என்று தெரியவில்லை. ஸ்னோமொபீலில் ஏறி அவள் செய்ததுபோலவே குமிழை அமுக்கி, கயிற்றை இழுத்தேன். மூன்றாம் இழுவையில் பிடித்தது.

அவள் போன தடம் பனியில் பாதி மூடிக் கிடந்தது. அதன் மேலேயே போனேன். எங்கோ கீழே ஐஸ் பெரிய கதவு சாத்துவதுபோல் ஓசை எழுப்பியது. கண்ணை மூடக் கூடாது, ஆனால் மூடினேன். தேவாரம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தால் வேறு வந்தது. "அலுமினியச் சட்டம். இரட்டை அச்சு. முன்னுக்கொரு கதவு. பின்னுக்கொரு கதவு. சுவர். பலகை." உரக்கச் சொல்லிக்கொண்டே போனேன்.

மீன் பொரிக்கும் மணம் வந்தது.

தீவின் மறுபக்கம் ஐஸின் மேல் ஒரு சிறு பலகைக் கொட்டில். வாசலில் தவமலரின் வண்டி. உள்ளே மீன் பிடிக்க வந்த இரண்டு வயதான வெள்ளைக்காரர்கள், ஒரு அடுப்பு. தவமலர் கைப்பையில் கொண்டுவந்த மிளகாய்த்தூளைத் தடவி அவர்களுடைய மீனைப் பொரித்துக்கொண்டிருந்தாள். பனி கொட்டத் தொடங்கியதும் அவர்கள்தான் கையைக் காட்டிக் கூப்பிட்டு, விடும்வரை இருக்கச் சொன்னார்களாம். அவர்களில் ஒருவருக்கு உறைப்பில் கண்ணால் நீர் வழிந்தது. இன்னும் கொஞ்சம் போடு என்று தட்டை நீட்டிக்கொண்டிருந்தார்.

அவள் என்னைக் கண்டதும் அகப்பையை வைத்துவிட்டாள்.

"நீங்களே ஓடி வந்தனீங்கள்?"

"ஓம்."

"தனியவோ?"

"ஓம்."

கொட்டிலின் நடுவில் ஐஸில் வட்டமாக ஒரு துளை. அதற்குள் கறுப்பாகத் தண்ணீர். என்னால் அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. தவமலர் ஒரு வாளியைக் கவிழ்த்து, அந்தத் துளை எனக்குத் தெரியாதபடி மறைத்துக்கொண்டு அமர்ந்தாள்.

"உமக்கு முந்தியே தெரியுமோ?" என்று கேட்டேன்.

"பிள்ளையள் நீச்சல் பழகின காலத்தில இருந்து தெரியும். நீங்கள் ஒருநாளும் குளத்துக்குக் கிட்ட வந்ததில்லை."

"அப்ப ஏன் ஒண்டும் சொல்லேல்லை?"

"ட்ரெய்லர் பார்க்கேக்க உங்கடை முகத்தில ஒரு சந்தோசம். அதைக் கெடுப்பானேன் எண்டு விட்டன். பிறகு பார்த்தால் நீங்கள் முடிக்கிற பாடில்லை."

பனி விட்டபோது வாசலில் யாரோ கூப்பிடும் சத்தம். ஞானசீலனும் ரட்ணேஸ்வரனும் நடந்து வந்திருந்தார்கள். இருவரின் இடுப்பையும் சேர்த்துக் கட்டிய கயிறு. ஞானசீலனின் கழுத்தில், மிதக்கும் என்ற நம்பிக்கையில், ட்ரெய்லரின் உபரிச் சில்லு. வெள்ளைக்காரர்கள் ஒன்றும் கேட்காமல் அவர்களுக்கும் தட்டுக் கொடுத்தார்கள்.

திரும்பும்போது நான் ஓட்டினேன், தவமலர் பின்னால் இருந்தாள். அவளுடைய வண்டியைப் பிறகு எடுக்கலாம் என்றாள். கயிறு கட்டிய இருவரும் பின்னால் நடந்து வந்தார்கள். என்னைவிட அவர்கள் அதிகம் பின்தங்கவில்லை. ஏரியின் நடுவில் தவமலர் தோளைத் தட்டினாள்.

"நிப்பாட்டுங்கோ. எஞ்சினையும்."

நிறுத்தினேன். காற்றும் விட்டிருந்தது. அப்படி ஒரு அமைதி.

அவள் இறங்கி நின்று காலால் பனியை ஒதுக்கினாள். கீழே ஐஸ் கருநீலமாகத் தெரிந்தது. காலை ஓங்கி இரண்டு முறை குத்தினாள்.

"பாருங்கோ. தண்ணிக்கு மேல என்ன வடிவா ஒரு மூடி போட்டிருக்கு. இதுக்குப் போய்ப் பயந்தனீங்களே?"

நான் கைபிடியை விடாமல் குனிந்து பார்த்தேன்.

"கிளாலியில எங்களுக்கு இப்பிடி ஒரு மூடி இருக்கேல்லை," என்றாள்.

யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வர, கிளாலியில் இரவில் வள்ளம் ஏறிக் கடல்நீரேரியைக் கடக்க வேண்டும். நான் அதற்கு முன்பே கொழும்பில் விமானம் ஏறிவிட்டவன். அவளுடைய அம்மா யுத்தத்தில் இறந்தவர் என்று தெரியும். எங்கே, எப்படி என்று கல்யாணம் முடித்த இத்தனை காலத்தில் அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

"இருந்திருந்தால் நடந்தே வந்திருப்பம்," என்றாள் தவமலர். "அம்மாவும் வந்திருப்பா."

நான் வண்டியிலிருந்து இறங்கினேன். கால் ஐஸில் பட்டது. அது அசையவில்லை. அவள் கையுறைக் கையை நீட்டினாள், பிடித்தேன்.

"நடப்பமோ?" என்று கேட்டேன்.

"வண்டி?"

"நிக்கட்டும்."

கரையில் சாம்பல் நிற ட்ரெய்லர் இரண்டு கதவும் திறந்தபடி நின்றது. நாங்கள் அதை நோக்கித் தண்ணீருக்கு மேலால் நடந்தோம். எஞ்சின் நின்றுவிட்டதா என்று பின்னாலிருந்து ஞானசீலன் பெருங்குரலில் கேட்டுக்கொண்டே வந்தான். நாங்கள் திரும்பிப் பார்க்கவில்லை.